விருப்பச் செலவு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். முழங்கால் மட்டும் அப்பப்போ முரண்டு பண்ணுது. ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ரிப்பேர் பண்றவனுக்கு முழங்கால் ஏன் வலிக்குதுன்னு கேக்காதே. ரிப்பேர் ஆன லிஃப்டுக்கு மாடிப்படி ஏறித்தானே போகணும்! உன் இருமல் நின்னுச்சா? ஆஸ்பத்திரி மருந்தறையிலேயே காலம் தள்ளினவ நீ. ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்தே, நீ மட்டும் சாப்பிட மாட்டே.

நீ நகராட்சித் தலைவர் ஆயிட்டேன்னு தெரிஞ்சதுலேருந்து எனக்குத் தலைகால் புரியலை. கூட வேலை செய்யறவங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். "உங்க அக்கா எந்தக் கட்சி?"ன்னு கேட்டாங்க. "எதுவும் இல்லை. ரெண்டு கட்சியும் அடிச்சுக்கிட்டு, கடைசியில யாருக்கும் வேண்டாதவளா பார்த்து உட்கார வச்சிருக்காங்க"ன்னேன். சரிதானே?

போன்ல பேசினா நீ "ம்... சரி... வச்சிடட்டுமா"ன்னு முடிச்சுடறே. அதனாலதான் எழுதறேன். நீயும் எழுது. ஒரே ஒரு வேண்டுகோள்தான். பகல் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்து எனக்கு விவரமா சொல்லு. அம்மா மில்லுக்குப் போகும்போது நம்மை அங்கதான் விட்டுட்டுப் போவாங்கன்னு இங்கே சொன்னா ஒருத்தனும் நம்பலை. "நகராட்சியா? காசு வாங்காமலா?"ங்கறான்.

கண்ணை மூடினா இன்னும் அந்த வாசனை வருது. பினாயிலும் சூடான பாலும் கலந்த வாசனை. மத்தியானம் பாயெல்லாம் வரிசையா விரிச்சு, ஆயாம்மா நடுவுல உட்கார்ந்து, ஒரு கையால ஒருத்தனைத் தட்டுவாங்க, இன்னொரு கையால இன்னொருத்தனை. ரெண்டு கைக்கும் ரெண்டு தாளம். எழுதப் படிக்கத் தெரியாத வயசுன்னு அலமாரியில பேருக்குப் பதிலா படம் ஒட்டியிருப்பாங்களே, ஞாபகம் இருக்கா? எனக்குக் குடை. உனக்குச் சாவி. பல்லிடுக்குல விசில் அடிப்பாளே, அவளுக்கு வாத்து. அவதான் இப்போ அங்கே பொறுப்பாளர்னு கேள்விப்பட்டேன். விசிலே டீச்சர் ஆயிடுச்சு!

தலைவர் அம்மா முதல் வேலையா அந்தக் கட்டடத்துக்கு ஒரு வெள்ளை அடிச்சுடு. உடம்பைப் பார்த்துக்கோ.

உன் தம்பி


ஜனவரி 27

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் பூனையும். இருமல் இரவில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. முழங்காலுக்கு ஒத்தடம் கொடு, மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே.

தலைவர் நாற்காலியைப் பற்றி எழுதாவிட்டால் நீ விடமாட்டாய். அதில் உட்கார்ந்தால் என் கால் தரையில் படுவதில்லை. யாரோ ஆறடி ஆளுக்காகச் செய்தது. மணிக்கூண்டு, தூண்கள், மரப்படிக்கட்டு என்று சின்ன வயதில் நாம் அண்ணாந்து பார்த்த கட்டடத்தில் உட்கார்ந்து நான் காலை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

அக்கவுண்டன்டுக்கு ஆபீஸில் 'பெருமூச்சு' என்று பெயர். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒன்று விடுவார். முதல் நாள் அவர் விட்டதை வைத்தே நிலைமை புரிந்துவிட்டது. மில் மூடியதும் பெரிய வரி போய்விட்டது. முந்தைய மன்றம் கடன் வாங்கிப் புது பஸ் நிலையம் கட்டியது. கடைகளுக்கு வாடகை வரும், அதை வைத்துக் கடனை அடைக்கலாம் என்று கணக்கு. கடைகளெல்லாம் ஷட்டர் இறக்கியபடி கிடக்கின்றன. பஸ்கள்கூட உள்ளே வராமல் ரோட்டிலேயே நின்று ஆள் ஏற்றுகின்றன. கடன் தவணை மட்டும் ஒழுங்காக வந்து நிற்கிறது.

பகல் வீட்டுக்குப் போனேன். குழந்தைகள் நன்றாக இருக்கிறார்கள். விசில் உன்னை விசாரித்தாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தான். ஒத்தடம் கொடுத்தேன், பரவாயில்லை. நீ கஷாயமாவது குடிக்கறியா?

பஸ் நிலையத்துக்கு ஒரு பக்கம், பகல் வீட்டுக்கு ரெண்டு வரி. இது நியாயமா? நான் என்ன கேட்டேன், நீ என்ன எழுதியிருக்கே? கை கழுவற குழாய் இன்னும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கா? பின்பக்க மரம் இருக்கா? ஜன்னலுக்கு இன்னும் பச்சைதானா?

நேத்து ஒரு பழைய கட்டடத்துல லிஃப்ட் கதவைத் திறந்தேன். உள்ளேருந்து அதே பினாயில் வாசனை. அப்படியே நின்னுட்டேன். அம்மா வர லேட்டான அந்த மழை நாள் ஞாபகம் வந்துச்சு. மில்லுல ஓவர்டைம்னு நிறுத்தி வச்சுட்டாங்க. மத்தப் பசங்க எல்லாம் போயாச்சு. நாம ரெண்டு பேர் மட்டும் வராந்தாவுல. ஆயாம்மா வீட்டுக்குப் போகாம நமக்காக உட்கார்ந்திருந்தாங்க. நான் காய்ஞ்ச சட்டையோட இருந்தேன், நீ மட்டும் தொப்பலா நனைஞ்சிருந்தே. எதுக்குன்னு ஞாபகம் இல்லை. மழையில ஆடியிருப்பே. ஆயாம்மா உன் தலையைத் துவட்டி, தன்னோட பன்னை ரெண்டாப் பிச்சு நமக்குக் கொடுத்தாங்க. அம்மா ஓடி வந்து, மூச்சு வாங்க, "மன்னிச்சுக்கங்க"ன்னாங்க. ஆயாம்மா, "எதுக்கு மன்னிப்பு? உங்க வீட்டுல விட்டுட்டுத்தானே போனீங்க"ன்னாங்க.

உங்க வீடுன்னாங்க அக்கா. நகராட்சிக் கட்டடத்தை! அந்த வார்த்தையை நான் இன்னும் வச்சிருக்கேன்.

விவரமா எழுது.

தம்பி


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே.

தலைநகரிலிருந்து ஆய்வு அதிகாரி வந்திருந்தாள். சின்னப் பெண், நல்ல ஜலதோஷம். மூக்கைத் துடைத்துக்கொண்டே எல்லாக் கணக்கையும் பார்த்தாள். மருந்து கொடுத்தேன். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நன்றிம்மா. ஆனா நான் சொல்ல வந்ததைச் சொல்லித்தான் ஆகணும்" என்றாள். நகராட்சிச் செலவு இரண்டு வகையாம். தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, கடன் தவணை எல்லாம் கட்டாயச் செலவு. மற்றதெல்லாம் விருப்பச் செலவு. வரவு துண்டு விழும் ஊருக்கு விருப்பம் கூடாதாம். இப்படியே போனால் அரசாங்கம் மன்றத்தைக் கலைத்துவிட்டுத் தன் ஆளை உட்கார வைக்கும்.

துப்புரவுத் தொழிலாளர்களுக்கு இரண்டு மாதமாகச் சம்பளம் போடவில்லை. போன வாரம் பெரிய குழாய் வெடித்து மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் போகவில்லை. குழாயைத் தோண்டிப் பார்த்தால் மூன்று இடத்தில் துணி சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். பழைய கைலியாக இருக்கும். இவ்வளவு நாள் ஊருக்குக் கைலி வழியாகத்தான் தண்ணீர் வந்திருக்கிறது.

நீ கேட்டதற்கெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். அங்கே குளிர் என்று கேள்விப்பட்டேன். காதை மூடிக்கொண்டு போ.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

சுகம், சுகம், எல்லாரும் சுகம். நான் பகல் வீட்டைப் பத்திக் கேட்டா நீ குழாயைப் பத்தி எழுதறே. இன்னொரு தடவை கேட்டா சாக்கடையைப் பத்தி எழுதுவே போலிருக்கு. என்கிட்ட எதையோ மறைக்கறே. சின்ன வயசுலேருந்து நீ எதையாவது மறைக்கும்போது பேச்சை மாத்துவே, பேச்சை மாத்தும்போது "காதை மூடிக்கோ, தொப்பி போட்டுக்கோ"ம்பே.

என்ன விஷயம்?

தம்பி


ஏப்ரல் 19

குடைக்கு,

வாத்து எழுதுகிறேன். இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட இந்த உலகத்தில் இன்னும் நான் ஒருத்திதான் இருப்பேன் என்று நினைக்கிறேன். நீ நலமா? உன் கடிதம் கிடைத்தது. அக்காவிடம் கேட்டுக் கிடைக்காததை என்னிடம் கேட்டிருக்கிறாய். சொல்லாமல் இருக்க எனக்கும் மனசு வரவில்லை.

ஜூன் கடைசியோடு பகல் வீட்டை மூடுகிறார்கள். வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. கீழே உன் அக்காவின் கையெழுத்து.

நான் சண்டை போடத் தயாராக இருந்தேன். ஆனால் நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கு அவங்களே வந்தாங்க. வழக்கமாக ஜன்னல் பக்கம் நின்று பேசிவிட்டுப் போய்விடுவாங்க. உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் "வேலை இருக்கு" என்பாங்க. தலைவர் ஆனதிலிருந்து எத்தனையோ தடவை வந்திருக்காங்க, ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை. அன்றைக்கும் அப்படித்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே நின்றாங்க. "திட்டணும்னா திட்டு" என்றாங்க. நான் முழித்துக்கொண்ட ஒரு பிள்ளையைத் தட்டப் போய்விட்டேன்.

மில் போனாலும் அம்மாக்கள் வேலைக்குப் போகாமல் இல்லை. தையல் கம்பெனி, செங்கல் சூளை, வீட்டு வேலை, குப்பை வண்டி. இந்தப் பிள்ளைகளை எங்கே விட்டுவிட்டுப் போவாங்க? ஒருத்தி, "பூட்டிட்டுத்தான் போகணும் டீச்சர்" என்றாள். வீட்டையா, பிள்ளையையா என்று நான் கேட்கவில்லை.

நீ சொன்னால் கேட்பாங்களா?

விசில்


ஏப்ரல் 27

அக்கா,

சுகமான்னு கேக்கற நிலைமையில நான் இல்லை.

விசில் எழுதினா. உன் கையெழுத்தாமே. பஸ் வராத பஸ் நிலையத்துக்குத் தவணை கட்டுவீங்க, பிள்ளைங்களைத் தெருவுல விடுவீங்க. என்ன அழகா பேர் வச்சிருக்காங்க, விருப்பச் செலவு! நானும் நீயும் அந்த விருப்பச் செலவுல வளர்ந்தவங்கதானே? யாரோ ஒரு தலைவர் அன்னிக்கு விரும்பாம இருந்திருந்தா நாம எங்கே இருந்திருப்போம்?

உள்ளே இருந்து வளர்ந்தவளே கதவைச் சாத்தறேன்னா என்னால தாங்க முடியலை. அந்த நாற்காலியில உட்கார்ந்ததும் உனக்கு எல்லாம் மறந்துடுச்சா? அம்மா இருந்திருந்தா உன்னை என்ன கேட்டிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாரு.

தம்பி


ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. பதில் இல்லை. போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறே. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வீட்டுக்கு போன் போட்டுக் கேட்டேன். "காலையில போறாங்க, சாயங்காலம் வர்றாங்க, நல்லாத்தான் இருக்காங்க, இருமல்தான் விடலை"ன்னார்.

நான் எழுதினது தப்பு. அம்மாவை இழுத்திருக்கக் கூடாது. நீ என்னைத் திட்டியாவது எழுது. நாலு வரி போதும். குழாயைப் பத்தி எழுதினாக்கூடப் படிக்கறேன்.

தம்பி


ஜூன் 21

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. இருமல் அதிகமாகி ஒரு வாரம் படுத்தேன், இப்போது எழுந்துவிட்டேன். உன் மேல் கோபமும் இல்லை. முதலில் இருந்தது. எழுத உட்காரும்போதெல்லாம் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இன்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஆமாம், கையெழுத்து என்னுடையதுதான். துப்புரவுத் தொழிலாளர்கள் வந்து ஆபீஸ் வாசலில் நின்றார்கள். சத்தம் போடவில்லை, சும்மா நின்றார்கள். குப்பை வண்டி ஓட்டுகிற பெண் சொன்னாள்: "அம்மா, என் பிள்ளை உங்க பகல் வீட்டுலதான் இருக்கான். அவனை நல்லாப் பார்த்துக்கறீங்க. சம்பளம் மட்டும் தர மாட்டேங்கறீங்க. சாயங்காலம் அவனைக் கூட்டிட்டுப் போய் நான் என்ன கொடுக்கறது?" ஜலதோஷக்காரப் பெண்ணுக்கு போன் செய்து கெஞ்சினேன். அவள் கல் நெஞ்சுக்காரி இல்லை. "எதை விட்டுட்டு இதைக் காப்பாத்தப் போறீங்கன்னு மட்டும் சொல்லுங்கம்மா, நான் எழுதிக்கறேன்" என்றாள். விட எதுவும் இல்லை. அதனால் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டேன்.

அதற்கப்புறம் ஒருநாள் பெருமூச்சு என் எதிரில் ஃபைலை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "இந்த ஊர்ல நாலு பேர் வாடகைக்கு வருவாங்கன்னா அது ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் மேடம். நாம உட்கார்ந்திருக்கோமே, இதுக்கு" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மறுநாளே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரரைப் போய்ப் பார்த்தேன். கடைத்தெரு நடுவில், மணிக்கூண்டோடு, மாடியும் கீழுமாக என்றதும் அவர் டீ சொல்லி அனுப்பினார்.

மன்றத்தைக் கூட்டினேன். மன்ற ஆபீஸைப் பகல் வீட்டின் முன் அறைகளுக்கு மாற்றுவது, இந்தக் கட்டடத்தை வாடகைக்கு விடுவது, கடைத்தெருக் கடைகளுக்கு வருஷக்கணக்கில் ஏற்றாமல் விட்ட வரியை ஏற்றுவது, வருகிற பணத்தில் முதலில் துப்புரவுச் சம்பளம், அப்புறம் பகல் வீடு. இதுதான் தீர்மானம்.

ஆணிக்கடைக்காரர் எழுந்தார். உனக்குத் தெரியும், அவர் எழுந்தால் நாற்காலியும் கூடவே எழும். "எங்க அப்பா உறுப்பினரா இருந்த மண்டபம் இது. இதுல எவனோ பலகை மாட்டுவான், நாம ஆயாக்களோட போய் உட்காரணுமா? ஊர் மானம் என்ன ஆகறது?"

"சம்பளம் இல்லாம வாசல்ல நின்னாங்களே, அன்னிக்கு மானம் எங்கே இருந்துச்சு?" என்றேன்.

"அதுக்குத்தான் பகல் வீட்டை மூடறோமே!"

அப்போது இன்னொருவர், நல்ல மனிதர்தான், சமாதானமாக ஒன்று சொன்னார். "முழுசா மூட வேண்டாம். மூணு வயசு வரைக்கும் வச்சுக்கலாம். அதுக்கு மேல உள்ளதுங்க வெளியில எப்படியாவது சமாளிச்சுக்கும்."

தம்பி, இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன். உன்னிடம் சொல்லாததை அன்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். இனி உன்னிடம் மறைப்பது முறையில்லை.

பகல் வீட்டில் ஐந்து வயது வரைக்கும்தான் சேர்ப்பார்கள். நீ சேர்ந்தபோது எனக்கு ஏழு. பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு முடிந்துவிடும். வீடு பூட்டியிருக்கும். அம்மா சாயங்காலம்தான் வருவாள். நான் பகல் வீட்டு ஜன்னலுக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். ஆயாம்மா சில நாள் சமையலறை வழியாக உள்ளே விடுவாங்க. மேற்பார்வைக்காரர் சைக்கிள் மணி கேட்டால், "ஓடு ஓடு" என்று வெளியே அனுப்புவாங்க. மாட்டினால் அவங்க வேலை போய்விடும். அந்த மழை நாளில் மேற்பார்வைக்காரர் மழைக்கு ஒதுங்கி நெடுநேரம் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நான் மழையில் ஆடவில்லை.

சாவிப் படம் மில் காவலாளி மகளுடையது. எனக்கு அலமாரியில் இடம் கிடையாது. நீ ஒவ்வொரு முறையும் "நாம, நாம" என்று சொல்லும்போது திருத்த மனசு வராது. உன் ஞாபகத்தில் நானும் உள்ளே இருக்கிறேன். அதை எதற்குக் கெடுப்பது?

அம்மா என்ன கேட்டிருப்பாள் என்று எழுதினாய். ஒன்றும் கேட்டிருக்க மாட்டாள். தினம் மில்லிலிருந்து ஓடி வந்து முதலில் என் கையைத்தான் பிடிப்பாள். அப்புறம்தான் உன்னைத் தூக்க உள்ளே போவாள்.

"வெளியில எப்படியாவது சமாளிச்சுக்கும்" என்றாரே, அந்த எப்படியாவது எப்படி இருக்கும் என்று மன்றத்தில் எழுந்து சொன்னேன். நடுவில் இருமல் வேறு. ஓட்டெடுப்பில் தீர்மானம் ஒரே ஓட்டில் நிறைவேறியது. நோட்டீஸைக் கிழித்தாகிவிட்டது.

முழு சந்தோஷம் என்று நினைக்காதே. கட்டடத்தோடு கீழே இருந்த படிப்பகமும் போயிற்று. பேப்பர் படிக்க வருகிற பெரியவர்கள் வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை. பகல் வீட்டில் பால் நிறுத்தியாகிவிட்டது. வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். கைக்குழந்தைகளை ஒரு வருஷத்துக்குச் சேர்க்கப் போவதில்லை. அந்த அம்மாக்களிடம் நானே போய்ச் சொன்னேன். ஒருத்தி என் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினாள்.

வெள்ளை அடிக்கப் பணம் இல்லை. ஜன்னல் பச்சைதான். குழாய் இடுப்புக்குக் கீழேதான். மரம் இருக்கிறது.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கு? மருந்து சாப்பிடு, தயவுசெஞ்சு சாப்பிடு.

உன் கடிதத்தை வேலை நடுவுல, லிஃப்ட் மேல உட்கார்ந்துக்கிட்டு படிச்சேன். கீழேருந்து பையன்கள் கூப்பிடறாங்க, நான் இறங்கலை. "சிக்னல் செக் பண்றேன்"னு பொய் சொன்னேன்.

எனக்குத் தெரியாது அக்கா. சத்தியமா தெரியாது. எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பேன், நானும் எங்க அக்காவும் அங்கதான் வளர்ந்தோம்னு! இப்போ யோசிச்சுப் பார்த்தா, அந்த அறையில உன்னை எங்கே தேடினாலும் நீ இல்லை. பாயில இல்லை, பால் வரிசையில இல்லை. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு நடந்தது எல்லாத்துலயும் இருக்கே. என் செருப்பு வாரை நீதான் மாட்டிவிடுவே. அம்மா ஒரு பக்கம், நீ ஒரு பக்கம், என்னை ஊஞ்சல் மாதிரி தூக்கி ஆட்டிக்கிட்டே வருவீங்க. அது நிஜம்தானே? அதையும் இல்லைன்னு எழுதிடாதே.

படிப்பகம் போனது எனக்கு வருத்தம்தான். மெஷின் படம் போட்ட பழைய புத்தகம் ஒண்ணு அங்கே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். உன்னைக் குத்தம் சொல்லலை. உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்றது?

அக்டோபர்ல லீவு கேட்டிருக்கேன். கிடைச்சுடும். வர்றேன். முன்னாடி எழுதினதுக்கு நேர்ல வந்து உன்கிட்ட திட்டு வாங்கிக்கறேன். கடிதத்துல நீ சரியாத் திட்டலை.

தம்பி


செப்டம்பர் 12

அன்புத் தம்பிக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். இருமல் போய்விட்டது. ஜலதோஷக்காரப் பெண் தலைநகரிலிருந்து ஒரு மருந்து அனுப்பினாள். மருந்துக்காரிக்கே மருந்து!

வீட்டுக்கு நடந்தது நிஜம். நீ கனம் வேறு. என் தோள்பட்டை இன்னும் சாட்சி.

முதலில் கெட்ட சேதி. நான் இப்போது தலைவர் இல்லை, வெறும் உறுப்பினர். கடைத்தெரு வரியை ஏற்றியதை யாரும் மன்னிக்கவில்லை. நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். பதவி போனதில் வருத்தமில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். வருத்தம்தான். நாற்காலியில் கால் எட்டாவிட்டாலும் பழகிவிட்டது.

ஆனால் அந்தக் கூட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மத்தியானக் கூட்டம், பக்கத்து அறையில் பிள்ளைகள் தூங்கும் நேரம். நடுவில் ஒரு மரத் தடுப்புதான். விசில் முன்னாடியே வந்து, "யாராவது சத்தம் போட்டு ஒரு பிள்ளை முழிச்சா, அவங்களே தட்டித் தூங்க வைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதனால் ஆணிக்கடைக்காரர் என்னை ரகசியக் குரலில் கண்டித்தார். "இவர்... ஊரின்... பெருமையை... விற்றுவிட்டார்..." என்று மூச்சுக் காற்றால் படித்தார். நானும் அப்படியே பதில் சொன்னேன். பெருமூச்சு மட்டும் அடக்க முடியாமல் ஒன்று விட்டார். உடனே ஒரு பிள்ளை எழுந்துகொண்டது.

அது தடுப்பைத் தாண்டி நேரே மன்றத்துக்குள் வந்தது. சுற்றிப் பார்த்தது. அங்கே இருந்ததில் பெரிய மடி யாருடையது என்று முடிவு செய்து, ஆணிக்கடைக்காரர் மடியில் ஏறி உட்கார்ந்து மறுபடி தூங்கிவிட்டது. அவர் அசையவில்லை. என்னை எதிர்த்து ஓட்டுப் போடக் கையைத் தூக்க வேண்டும், வலது கையில் பிள்ளையின் தலை. இடது கையைத் தூக்கினார். நான் ஒரு ஓட்டில் தோற்றேன்.

அவர்தான் புதுத் தலைவர். மறுநாள் அவர் ஆட்கள், "பழைய கட்டடத்துக்கே போயிடலாம், இதை மூடிட்டா செலவு மிச்சம்" என்று கிளப்பினார்களாம். அவர், "இன்ஷூரன்ஸ்காரன் வாடகையை உங்க அப்பனா தருவான்? இதை மூடிட்டு நான் எங்கடா உட்கார்றது?" என்றாராம். பெருமூச்சு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். வரியையும் அவர் குறைக்கவில்லை. ஏற்றிய பழி என் தலையில் இருக்கும்போது வரவை எதற்குக் குறைப்பார்? துப்புரவுச் சம்பளம் இந்த மாதம் முதல் தேதியே போட்டாயிற்று. கைக்குழந்தைகளை எப்போது சேர்ப்பீர்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் நான் கேட்கிறேன். "பார்க்கலாம் பார்க்கலாம்" என்கிறார், ரகசியக் குரலில்.

போன புதன்கிழமை கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். விசில், "உள்ளே வாங்கக்கா" என்றாள். வேலை இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது. இல்லையே! போனேன். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வரிசையின் ஓரத்தில் ஒரு பாய் காலியாக இருந்தது. "அந்தப் பிள்ளை இன்னிக்கு வரலை. சும்மா சாய்ஞ்சுக்கங்க" என்றாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தேன். காலை மடக்கிப் படுத்தால்தான் பாய்க்குள் அடங்கும். கண்ணை மூடியதுதான் தெரியும்.

எழுந்தபோது சாயங்காலம். பிள்ளைகளையெல்லாம் அவரவர் அம்மாக்கள் வந்து கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். மேலே ஒரு போர்வை போர்த்தியிருந்தது. யாரும் என்னை எழுப்பவில்லை, தம்பி.

அக்டோபரில் வரும்போது கனமான பெட்டி தூக்காதே, முழங்கால் பத்திரம். பஸ் ரோட்டிலேயே நிற்கும். நான் வந்து நிற்கிறேன்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்,
அக்கா